நேரலையில் ஒரு வாங்க

எங்கள் படப்பிடிப்பு அறையின் மேசைமேல் ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. வயிற்றில் நல்ல நசுங்கல். விருந்தினர் வந்து உட்காரும்போது பளபளவென்று இரண்டு கோப்பைகள் வைக்கலாம், நிகழ்ச்சியின் பெயரை அதில் அச்சடித்துக்கொள்ளலாம் என்று எங்கள் படத்தொகுப்பாளர் வாரம் தவறாமல் சொல்வார். கேமராவில் அந்த நசுங்கல் அசிங்கமாகத் தெரிகிறதாம். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறு வாரமும் அதே சொம்பில் தண்ணீர் பிடித்து, நசுங்கிய பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி வைத்துவிடுவேன். எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு என்பது அவருக்கு இப்போது பழகிவிட்டது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தெரு ஓய்ந்து கிடக்கும் என்பதால் அன்றைக்குத்தான் பதிவு. இணையத்தில் வாரம் ஒருவரை உட்கார வைத்துப் பேசுகிறேன். பார்ப்பவர்கள் சுமாராக இருக்கிறார்கள், திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தபோது இணையமும் இல்லை, பகலும் இல்லை. நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் இயங்கிய உள்ளூர் கேபிள் டிவியில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பேச்சு நிகழ்ச்சி நேரலையாக வரும். அதில் தொலைபேசியை எடுக்கிற வேலை என்னுடையது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எங்கிருந்து பேசறீங்க, என்ன கேக்கப் போறீங்க என்று விசாரித்து, பொத்தானை அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். கேபிள் முதலாளியின் அக்கா வீடு பக்கத்துச் சந்தில்தான் இருந்தது. நான் அங்கேயே தங்கிக்கொண்டதால், மல்லசமுத்திரத்தில் இருந்த என் அம்மா அந்த ராத்திரி வேலைக்கு அரை மனதாகச் சம்மதித்தார்.

ராத்திரி பத்து மணிக்கு யார் பார்ப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் பாதிப் பேர் விழித்துத்தான் இருப்பார்கள். விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், கோழிப் பண்ணையில் தீவனம் இறங்கிக்கொண்டிருக்கும், லாரி டிரைவர் வீடுகளில், எங்கோ வடக்கே போயிருக்கிறவரின் போன் வரும்வரை தூக்கம் பிடிக்காது. போன் வந்ததும் சில வீட்டுப் பெண்கள் அதை டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். கண்காணாத ஊரில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நம்மூர்க்காரர்கள் பேசுவதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு சப்பாத்தி சாப்பிடுகிற டிரைவர்கள் எங்களுக்கு நிறைய உண்டு. நிகழ்ச்சியின் விசுவாசிகள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவர்களைத்தான் சொல்வேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒருவர் டீச்சர். தனியார் பள்ளியில் வரலாறு எடுத்தவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மேசைமேல் கழற்றி வைத்த கைக்கடிகாரம், மடித்த தாளில் கேள்விகள். 'வணக்கம்' என்றால் அடுத்த மூச்சில் முதல் கேள்வி விழும். வந்தவர் சுற்றி வளைத்தால் குரலை உயர்த்தாமல் அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடியும் கேட்பார். குடிநீர் வராத தெருக்காரர்களுக்காக ஓர் அதிகாரியை அப்படி விடாமல் கேட்டு, இந்தத் தேதிக்குள் குழாய் போட்டுவிடுகிறேன் என்று சொல்ல வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன், குழாயும் வந்தது. அழைப்பவர் விஷயத்தை விட்டு விலகினால் 'நன்றிங்க' என்று சொல்லி எனக்குக் கண் காட்டுவார், நான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பயந்துகொண்டே எல்லாரும் அவர் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள்.

இன்னொருவர் மாமா. எனக்கு உறவு ஒன்றும் இல்லை; மாவட்டத்துக்கே அவர் மாமா. லாரி புக்கிங் ஆபீசில் காலமெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு டிரைவர்களோடு மல்லுக்கட்டியவர். எந்தக் குரலில் தூக்கம் இருக்கிறது, எதில் பொய் இருக்கிறது, எதில் அழுகை இருக்கிறது என்று அவருக்குக் கேட்டவுடன் தெரியும். கையில் தாள் கிடையாது. கேள்வி என்று ஒன்றை அவர் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. எந்த ஊரு, மழை உண்டா, மாடு கன்னு இருக்குதா என்று ஆரம்பித்து, வந்தவர் கேமராவை மறந்து காலை மடக்கி உட்காருகிற நேரம் பார்த்து ஒரு கிண்டலைப் போடுவார். விவசாயத்துக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவரிடம், "சாரு ரொம்ப வெளுப்பா இருக்கறீங்களே, நம்மூரு வெயிலு உங்க மேல படறதே இல்லீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, தான் வயல் பக்கம் போகவே இல்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். அழைப்பவர் யாராக இருந்தாலும், என்ன உளறினாலும், அவராகப் போனை வைக்கும்வரை மாமா பேசுவார். ஒரு போனைக்கூடத் துண்டிக்கக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. அதனால் அவர் நாளில் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று முதலாளிக்கும் தெரியாது, விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரருக்கும் தெரியாது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். "மாமா நிகழ்ச்சி முடியற நேரத்துலதானுங்க ஆரம்பிக்குது" என்பார் டீச்சர். "டீச்சர் முன்னால உக்கார்றதுன்னா பரீட்சை எழுதற மாதிரிங்க. வேர்வை தொடைக்கத் துண்டு கொண்டுட்டுப் போகோணும்" என்பார் மாமா. பெரிய சேனல்களில் கோட்டு மாட்டிக்கொண்டு, தான் சொன்ன நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற தொகுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் மாதிரி மடக்குகிறவர்கள், விருந்தினரின் பதிலையும் தானே சொல்லி முடித்துவிடுகிறவர்கள், அழ வைக்காமல் அனுப்புவதில்லை என்று சபதம் போட்டவர்கள் என்று எத்தனையோ வகை. எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனாலும் பேட்டி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் தெரிவது அந்த மாடி அறையும், அங்கே எதிர் எதிர்த் துருவமாக இருந்த இந்த இரண்டு பேரும்தான்.

மாமாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒழுங்கு உண்டு. அவர் நாளில் விருந்தினர் முன்கூட்டியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு, கேமரா ஓடும்போது, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். மாமா எழுந்து இரண்டு கையையும் கூப்பி 'வாங்க' என்பார். நான்கு பேர் வந்தால் நான்கு பேருக்கும் தனித்தனியாக, முகத்தைப் பார்த்து, நான்கு 'வாங்க'. கூடத் துணைக்கு வந்தவருக்கும் உண்டு. பிறகு சொம்பிலிருந்து தண்ணீர். அவர்கள் குடித்த பிறகுதான் பேச்சு. இதற்கே பாதி நேரம் போய்விடுகிறது என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது வெறும் உபசாரமாகத் தெரியலாம். இங்கே ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் வந்தவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்க வேண்டும். திரும்பி வருகிற வழியில் பேருந்திலேயே கணக்குப் பார்ப்பார்கள்: மாமியார் கேட்டார், மகன் கேட்டான், மருமகள் கேட்கவில்லை. விருந்தில் உப்பு குறைந்தால் மறந்துவிடுவார்கள். கேட்காமல் விட்ட 'வாங்க'வை மறக்க மாட்டார்கள். கேட்கப்படாதவர் அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டார். பேச்சுவார்த்தை நின்றுபோன உறவைப் பற்றிச் சொல்லும்போது, 'அவங்களுக்கும் நமக்கும் வாங்க போங்க இல்லை' என்றுதான் சொல்வோம்.

மாமாவின் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அவருக்கு ஒரே தம்பி. புதுச்சத்திரம் பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்து நன்றாக வந்தவர். அவர் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுவேன், சீர்த்தட்டோடு முதல் பேருந்திலேயே போய் இறங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் காரில் யாரோ பெரிய மனிதர் வந்துவிட, தம்பியும் தம்பி மனைவியும் அவரை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அத்தை வாசலில் தட்டோடு நின்றார். போவோர் வருவோர் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். வீட்டுக்காரர் ஒருவர்கூட 'வாங்க' என்று கேட்கவில்லை. தட்டைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்துவிட்டார். ஆபீசிலிருந்து நேராகக் கிளம்பிப் போன மாமா, பேருந்து நிறுத்தத்தில் மனைவியை எதிரே பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்து, அப்படியே திரும்பிவிட்டார். அதோடு அண்ணன் தம்பிக்குள் வாங்க போங்க நின்றது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அத்தைதான். மாமாவின் சர்க்கரை மாத்திரையை நினைவூட்ட நிகழ்ச்சி நாளில் சாயங்காலம் எங்கள் கேபிள் ஆபீசுக்குப் போன் போடுவார், போட்டால் லேசில் வைக்க மாட்டார். மாமா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு கோடையில், வெயில் தாங்காமல் பண்ணைகளில் கோழிகள் சாகிற நேரம். அதைப் பற்றிப் பேச ஒரு கால்நடை டாக்டரையும் ஒரு பண்ணைக்காரரையும் கூப்பிட்டிருந்தோம். வருவதாக இருந்த பண்ணைக்காரருக்குக் கடைசி நேரத்தில் வேறு ஜோலி வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக இன்னொருவரைத் தன் காரிலேயே அழைத்து வருகிறேன் என்று டாக்டர் போனில் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டோம். யார், என்ன பெயர் என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. கதவு திறந்தது. மாமா எழுந்து, "வாங்க டாக்டரு, வாங்க வாங்க" என்றார். டாக்டருக்குப் பின்னால் நீலச் சட்டை போட்ட ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் மாமாவின் கூப்பிய கை கூப்பியபடியே நின்றது. வாய் லேசாகத் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூக்கும் நெற்றியும் அச்சாக ஒன்றாக இருந்ததைப் பார்த்து எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெரியப்பாவுக்கு எப்படிப் பத்திரிகை வைப்பது என்று தெரியாமல் அந்த வீட்டில் எல்லாரும் முழிக்கிறார்கள் என்பது அத்தை சொல்லித் தெரியும். ஊரே பார்க்கிற இடத்தில் இன்றைக்கு 'வாங்க' கேட்காமல் விட்டால், இனி எந்தக் காலத்திலும் யாரும் அதைச் சேர்த்து வைக்க முடியாது.

டாக்டர் தண்ணீர் குடித்தார். நீலச் சட்டைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தனக்கு முன்னால் இருந்த சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொடவில்லை. மாமா அந்தப் பக்கம் திரும்பாமல் டாக்டரை மட்டும் கேட்க ஆரம்பித்தார். வெயிலில் கோழி ஏன் சாகிறது? தண்ணீரில் என்ன கலக்க வேண்டும்? கூரைக்கு என்ன போட வேண்டும்? ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள், நடுவில் ஒரு சிரிப்பு இல்லை. அடுத்த நாள் நிகழ்ச்சிக்கு முன்னோட்டம் பதிவு செய்ய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர், மெல்ல என் காதருகே குனிந்தார். "என்னங்க இது, இவரு என்னைய மாதிரிப் பேசறாரு?" என்றார். அவருக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதல் போன் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு பெண். என்ன கேட்கப் போகிறீர்கள் என்றதற்கு, கோழியப் பத்திங்க என்றார். உள்ளே அனுப்பினேன். "ஏனுங்க மாமா, அந்த நீலச் சட்டைக்காரரை நீங்க வாங்கன்னு கேக்கவே இல்லீங்களே?" என்றார் அவர். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, கோழியைப் பற்றிக் கேட்கச் சொன்னார். "எங்க ஊட்டுல கோழி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார் அந்தப் பெண். அடுத்து புதுச்சத்திரத்திலிருந்து ஒரு பெரியவர். "ஒரு மனுசன் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கறாரு, நீங்க பாட்டுக்கு முட்டையப் பத்திப் பேசறீங்களே சாமி, நல்லாவா இருக்குது?" என்றார். மூன்றாவது ஒரு டிரைவரின் மனைவி, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து. "எங்க ஊட்டுக்காரரு வண்டிய ஓரங்கட்டிட்டுப் போன்ல கேட்டுட்டிருக்கறாருங்க. ரெண்டு பேரு வந்திருக்கறாங்கன்னு சொன்னீங்க, ஒருத்தருக்குத்தான் வாங்க கேட்டுது, இன்னொருத்தருக்கு ஏன் இல்லைன்னு உங்களக் கேக்கச் சொல்றாருங்க." படமே தெரியாமல் எங்கோ தார்ச்சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரும் கணக்கை விடவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது எனக்கு.

முதலாளி ஓடி வந்து, இனி ஒரு போனும் உள்ளே போகக் கூடாது என்று கையை ஆட்டினார். நான் டீச்சரைப் பார்த்தேன். விஷயத்தை விட்டு விலகிய ஒரு சொல்லைக்கூடப் பொறுக்காதவர் அவர். அவருடைய நிகழ்ச்சியாக இருந்திருந்தால் முதல் போனே பாதியில் போயிருக்கும். அவர் முதலாளி பக்கம் திரும்பி, "குடுக்கட்டுங்க" என்றார். "இன்னைக்கு விசயமே அதுதானுங்க." டீச்சர் அந்தக் குரலில் சொன்னால் முதலாளியும் மறு பேச்சுப் பேச மாட்டார். நான் அடுத்த போனை எடுத்தேன்.

"நாந்தான் சாமி. லைனக் குடு" என்றது குரல். அத்தை.

நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் இழுத்தேன். "தெரியுது, பாத்துட்டுத்தான இருக்கறேன். குடு." அழுத்திவிட்டேன். மாமா வழக்கம்போல, சொல்லுங்க, யாருங்க பேசறது என்றார். அத்தை அவருக்குப் பதில் சொல்லவில்லை. "தம்பி" என்றார். "வாங்க தம்பி. தண்ணி குடிங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா? புள்ளைக்குக் கல்யாணம்னாங்க, கேக்கறதுக்கு அத்தனை சந்தோசமா இருந்துது."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நீலச் சட்டைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, குரல் வந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக் கைகூப்பி, "வந்தேனுங்க நங்கை" என்றார். டம்ளரில் ஊற்றக்கூடத் தோன்றாமல் சொம்போடு தூக்கிக் குடித்தார். மார்பெல்லாம் தண்ணீர். கீழே வைக்கப் போனபோது ஈரக் கையிலிருந்து சொம்பு நழுவி, சிமெண்ட் தரையில் விழுந்து நங்கென்று உருண்டது. அந்தச் சத்தம் மாவட்டம் முழுக்கக் கேட்டது. மாமா எழுந்து போய்த் தன் தோள் துண்டால் தம்பியின் சட்டையைத் துடைத்தார். "வா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. கோழிக்கு என்ன பண்றதுன்னு சொல்லு" என்றார். அன்றைக்கு நிகழ்ச்சி எப்போது முடிந்தது என்று கேட்காதீர்கள். நகைக்கடைக்காரர் மறுநாள் போன் செய்து, நேரத்தைப் பற்றி ஒன்றுமே பேசாமல் அத்தையை விசாரித்தார்.

கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். மண்டப வாசலில் அத்தை பட்டுச் சேலையில் நின்று, வந்தவர் ஒருவரைக்கூட விடாமல் 'வாங்க' கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் நகரவில்லை. டீச்சரை இரண்டு தடவை கேட்டார். அண்ணன் பிடிவாதக்காரர்தான், நல்ல வேளை நங்கை மனசு வைத்தார் என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் பிறகு நிகழ்ச்சி நாட்களில், அன்று விழுந்ததில் சொம்புக்கு வந்த நசுங்கல் கேமராவில் தெரியாமல் இருக்கட்டும் என்று அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பேன்; மாமா வந்ததும் அதை முன்பக்கமாகத் திருப்பிவிடுவார்.

பிறகு டீச்சர் மகனோடு வெளியூர் போனார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. மாமாவும் அவரும் எனக்குப் பாடம் என்று எதுவும் நடத்தியதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் ஏதோ ஒட்டிக்கொண்டது. கேள்வியைத் தாளில் எழுதாமல் எனக்கு உட்காரத் தெரியாது, அது டீச்சர். எழுதியதைப் பாதியில் மறந்துவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், அது மாமா. இரண்டும் கலந்ததால் நான் முழுதாக ஒரு பாணிக்காரியும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுகிறேன். அதற்கு இரண்டு பேருக்கும் என்ன சொல்லி நன்றி காட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆளுக்கொரு போன் வந்து, கேபிள் தேய்ந்து, ஒரு நாள் அந்த மாடியைக் காலி செய்தார்கள். என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னபோது நான் சொம்பை எடுத்துக்கொண்டேன். அத்தை காலமான பிறகு மாமா தனியாக இருக்க வேண்டாம் என்று தம்பியே வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் மாமாவை என் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன். செவ்வாய்ப்பேட்டை மாடிப்படியைக் கம்பு ஊன்றி ஏறி வந்தார். வாசலிலேயே நின்று, "வாங்க மாமா" என்றேன். "வந்தேன் சாமி" என்றவர் உள்ளே நுழையாமல் கீழே கையைக் காட்டினார். "ஒருத்தன் வண்டிகிட்டயே நிக்கறான். உனக்குத்தான பேட்டி, நான் எதுக்குன்னு கேக்கறான்." நான் சொம்போடு இறங்கி ஓடினேன். காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த தம்பியைப் பார்த்து மூச்சு வாங்க 'வாங்க' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இத வாரேன்" என்று சொல்லி, நடுத்தெருவில் நின்றபடியே முதலில் தண்ணீரைக் குடித்தார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். மழை, கோழி, லாரி வாடகை என்று எங்கெங்கோ போனோம். என் தாளில் இருந்த கேள்வி ஒன்றுதான். நெடுநாளாக இருந்த கேள்வி. அன்றைக்கு ஏன் மாமா அவ்வளவு நேரம் தம்பியை 'வாங்க' கேட்காமல் இருந்தீர்கள், கோபம் அவ்வளவு இருந்ததா என்று கேட்டேன்.

"கோவமா?" என்றார். "இவனப் பாத்ததுமே கோவமெல்லாம் போயிருச்சு சாமி. வாயில வந்துருச்சு வார்த்தை. ஆனா அன்னைக்கு வாசல்ல நின்னவ அவதான? அவளக் கேக்காம நான் எப்படி இவன உள்ள கூப்புடறது? அவ டிவியப் பாத்துட்டிருப்பான்னு தெரியும். கூப்புடுவான்னும் தெரியும். அதுதான் வர்ற போனையெல்லாம் எடுத்துட்டே இருந்தேன். ஒவ்வொன்னும் அவளா இருக்கும்னு."

தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவருக்கும் இது தெரியாது. "எல்லாரையும் வாங்கன்னு கேக்கற எடமாச்சே, என்னையும் கேட்டுருவாருன்னு நம்பித்தான் அன்னைக்கு டாக்டரோட வந்தேன்" என்றார் என்னிடம். "வந்த ஒடனே கேக்கலையேன்னு இத்தனை நாளா மனசுக்குள்ள ஒரு மூலைல கெடந்துது."

அடுத்து நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று படத்தொகுப்பாளர் பிற்பாடு கேட்டார், வேண்டாம் என்றேன். நீங்கள் பார்த்தால் அது அப்படியே இருக்கும். தம்பி எழுந்து, மேசைமேல் இருந்த சொம்பை எடுத்து, நசுங்கலை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி அண்ணனிடம் நீட்டினார்.

"குடிங்கண்ணா" என்றார்.

மாமா வாங்கிக் குடித்தார்.